காலையில் வடக்கு, மாலையில் தெற்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவின் வாய் மட்டும் இத்தனை நாளாகத் தேவைக்கு மேல் சுகமாக இருந்தது, இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அது ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். நீ சுகமாக இல்லை என்பது ஃபோனிலேயே தெரிந்துவிட்டதால் உன் சுகத்தை விசாரித்து ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. ஃபோனில் பேச வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் இரண்டாவது வாக்கியம் ஆரம்பித்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அத்தனை பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் அம்மாவின் குரலுக்கு மட்டும் சிக்னல் கிடைக்காதது எனக்கும் ஆச்சரியம்தான். காகிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. எங்கள் டாக்டரம்மாவின் உதவிப்பெண் இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். உன் அப்பாவிடம் கொடுத்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கட்டைவிரல்தான் இருக்கும், தவிரவும் இதில் அவரைப் பற்றி எழுதப் போவதை அவர் படிக்க வேண்டாம்.

பல் ஆஸ்பத்திரியில் என் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்று கூட்டமில்லை. எதிரே ஒருவர் வாயில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் எழுதுவதையே பார்க்கிறார், என்ன எழுதுகிறாய் என்று கேட்க ஆசை, கேட்க முடியவில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான், எதிரில் இருப்பவர்கள் பதில் பேச முடியாது. உன் அண்ணன் நன்றாக இருக்கிறான், விளம்பரக் கம்பெனியில் அவனுக்குப் பெரிய நாற்காலி போட்டிருக்கிறார்களாம், நாற்காலிதான் பெரியது, வேலை அதே வேலைதான், பற்பசைக்கு வாசகம் எழுதுகிறான். அதை நம்பித் தேய்த்தவர்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறார்கள், ஆக குடும்பத்தில் ஒருவர் பிழைப்புக்கு இன்னொருவர் துணை. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலை. எனக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை என்று டாக்டர் சொன்னார், அது உன் ஃபோன் வருவதற்கு முன்னால் எடுத்த அளவு.

உன் அப்பா கதைக்கு வருகிறேன். பேருந்து ஓட்டுநராக வாழ்நாள் முழுக்க ஒரே வழித்தடத்தில் போய் அதே வழியில் திரும்பி வந்த மனிதர், திசையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. நீ வழி அறியும் சென்சாருக்கு ஒளிச் சிப் செய்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தத் துறையே அவர் கையில்தான் இருக்கிறது. நம் குடியிருப்பில் யாருடைய ஃபோன் வரைபடம் தப்பான சந்தில் கொண்டுபோய் விட்டாலும் புகார் நம் வீட்டுக்குத்தான் வருகிறது. மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரர், தனக்கு வரும் பார்சல் எல்லாம் பின்வாசலுக்குப் போகிறது, "உங்க பொண்ணுகிட்ட சொல்லி அதக் கொஞ்சம் சரி பண்ணச் சொல்லுங்க" என்கிறார். இவரும் "சொல்றேன், அவ இப்ப ரொம்ப பிஸி" என்று மந்திரி மாதிரி தலையாட்டுகிறார். அவள் வேலைக்கும் ஃபோன் வரைபடத்துக்கும் சம்பந்தமில்லை, செயற்கைக்கோள் சிக்னல் எட்டாத இடத்திலும் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று தெரிவதற்காகத்தான் அந்தச் சிப் என்று நான் எடுத்துச் சொன்னால், பொடி விஷயத்தையெல்லாம் பெரிதுபடுத்தாதே என்கிறார். போன மாதம் நீ, எங்கள் சிப் பூமி சுற்றுவதையே உணர்ந்துவிட்டது, கட்டுரையையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னாய் அல்லவா, அன்று மாலையே கீழே இறங்கிப்போய் "பூமி சுத்துறத என் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா" என்று அறிவித்துவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், அந்தப் பழைய வங்கி மேலாளர், "அத ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சே சார்" என்றாராம். "நகத்தளவு சிப்ப வச்சு நீங்க கண்டுபிடிச்சீங்களா" என்று இவர் மடக்கிவிட்டு வந்தார். அதன் விளைவு, சங்கத்தின் பொது அறையில் உன் படத்தை மாட்டுவது, மாதக் கூட்டத்தில் உன்னைப் பாராட்டிப் பேசுவது என்று ஏற்பாடு நடந்தது. தலையைக்கூடச் சீவாமல் கல்லூரி வாசலில் நிற்கிறாயே, அந்தப் படத்தைத்தான் தேடி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் நீ கூப்பிட்டாய். நான் ஒருவருக்கு வேர்ச் சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தேன், நீ அழுத அழுகையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. நீ விக்கி விக்கிச் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். சிப்புக்குள் வளையம் மாதிரி ஒரு பாதை, முடியைவிட மெல்லியது. அதில் லேசர் ஒளி வலமாகவும் சுற்றுகிறது, இடமாகவும் சுற்றுகிறது. சிப் திரும்பினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு துளி வித்தியாசம் வருகிறது, அதை அளந்தால் எவ்வளவு திரும்பினோம் என்று தெரிந்துவிடும். மேசைமேல் அசையாமல் கிடந்தாலும் பூமி திரும்புவதால் துளியிலும் துளியாக ஒன்று வர வேண்டும். வருவது நிஜமாகவே பூமியினால்தானா என்று பார்க்க, சிப்பை வடக்கு பார்த்து ஒரு முறை, தெற்கு பார்த்து ஒரு முறை வைக்க வேண்டும், பூமிதான் என்றால் கூட்டலாக வந்தது கழித்தலாக மாற வேண்டும். மாறியது. தினமும் மாறியது. நீங்கள் அங்கே குதித்தீர்கள், உன் அப்பா இங்கே குதித்தார், கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள்.

ஆனால் சிப்பை வைத்துத் திருப்புகிற அந்த மேசை இரண்டு குழுக்களுக்குப் பொது. காலையும் மாலையும் உனக்கு, நடுப்பகல் அவர்களுக்கு. அதனால் எப்போதும் காலையில் வடக்கு, மாலையில் தெற்கு. ஒரு நாளாவது மாற்றி வைத்துப் பார்ப்போம் என்று உனக்குத் தோன்றவில்லை, உன்னைச் சுற்றியிருக்கிற எந்த மேதைக்கும் தோன்றவில்லை. கட்டடத்து ஏசியை மாலையானால் நிறுத்திவிடுவார்கள் என்பது தெரியாத ஆள் அங்கே உண்டா? வேலை முடியும் நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் போடுகிறவள் நீ, அந்த ஸ்வெட்டர் தொங்காத உன் படம் ஒன்றுகூட என் ஃபோனில் இல்லை. உனக்குச் சூடு உறைக்கிறது, சிப்புக்கு உறைக்காது என்று நினைத்துவிட்டாய். சூடு மாறாத பெட்டிக்குள்தான் வைத்திருந்தோம் அம்மா என்றாய், சரி, பெட்டி போதவில்லை. அந்த இன்னொரு குழு ஒரு நாள் மாலை நேரத்தைக் கேட்கப் போய், நீ தெற்கைக் காலையில் வைக்க வேண்டி வந்தது, அது காலை வடக்கு என்ன காட்டுமோ அதையே காட்டியது. மறுநாளும் வைத்துப் பார்த்தாய், அதேதான். ஆக உங்கள் சிப் இத்தனை நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது பூமி சுற்றியதை அல்ல, ஏசி நின்றதை.

சிரித்தேன் என்று கோபித்துக்கொள்ளாதே, நீ ஃபோனை வைத்த பிறகுதான் சிரித்தேன், அதற்குப் பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஏனென்றால் அந்த வேலையை நீ எப்படிக் கட்டிக் காத்தாய் என்று எனக்குத் தெரியும். கல்லூரிப் பட்டம், அதன்மேல் ஒரு பட்டம், அதற்கும் மேல் ஒரு பட்டம், இத்தனைக்கும் பிறகு உனக்குக் கிடைத்தது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, நம் வீட்டுக்குப் பால் போடுகிறவரிடம்கூட நாங்கள் இப்படிக் கறாராக ஒப்பந்தம் போட்டதில்லை. சிப் செய்யும் தொழிற்சாலையில் பத்து ஆராய்ச்சிக் குழுக்களோடு சேர்ந்து ஒரே தகட்டில் இடம் பிடித்து, வடிவத்தை அனுப்பிவிட்டு, அது எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அண்ணி பிள்ளையைப் பெற்று அது குப்புற விழும்வரைகூட உன் சிப் வந்து சேரவில்லை. அந்தக் காத்திருப்பில் கல்யாணப் பேச்சை எடுத்தால் சிப் வரட்டும் என்பாய், ஊருக்கு வா என்றால் சிப் வரட்டும் என்பாய். ஒரு வழியாக வந்த சிப்பும் இப்படிக் காலை வாரிவிட்டது. உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கிறது, வலிக்கும்போது எனக்கு வாய் நீளும் என்பது உனக்குத் தெரியாததா.

ஆனால் நீ அடுத்துச் சொன்னதுதான் எனக்குச் செரிக்கவில்லை. உங்கள் குழுத் தலைவரிடம் இதைச் சொன்னாய், நீங்கள் எல்லோரும் சேர்ந்து பிறகுபார்க்கலாம் என்று பேர் வைத்திருக்கிறீர்களே, அவரிடம். அவரும் பேருக்கு ஏற்றபடி, கட்டுரை அச்சாகட்டும், மாநாட்டில் பேசிவிட்டு வா, அடுத்த கட்டுரையில் நாசூக்காகத் திருத்திக்கொள்ளலாம், இப்போது வாயைத் திறந்தால் திட்டத்துக்கு நீட்டிப்புக் கிடைக்காது, உன் பக்கத்து மேசைக்காரிக்கு வேலை போய்விடும், கைக்குழந்தைக்காரி, அவளை நினைத்துப் பார் என்றாராம். நீ யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். என்னத்தை யோசிக்கப் போகிறாய்? போதாததற்கு உன் அண்ணனை வேறு கேட்டிருக்கிறாய். அவன் என்னிடமும் வந்து, "எல்லாரும் இப்படித்தாம்மா, மேல ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில பொடி எழுத்துல ஏதாவது எழுதிட்டாப் போதும்" என்கிறான். பற்பசைக்காரனிடம் யோசனை கேட்டால் பற்பசை யோசனைதான் வரும்.

தப்புச் செய்தாய் என்று எனக்குக் கோபமே இல்லை. போன வருஷம் எங்கள் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒருவருக்கு நல்ல பல் இருந்த பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டார். பிடுங்கப் போகும்போது கண்ணில் பட்டது, அப்படியே நிறுத்தினார், "மன்னிச்சுக்குங்க, தப்பான பக்கம்" என்று அந்த ஆளிடமே சொன்னார். அவர் கோணிப்போன வாயால் எங்கள் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார், பாதி எங்களுக்குப் புரியவில்லை. நல்ல பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டு, அடுத்த முறை வரும்போது நாசூக்காகத் திருத்திக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா நினைக்கவில்லை. உன் கட்டுரை இன்னும் அச்சாகவில்லை, ஊசிதான் போட்டிருக்கிறாய், பல் இன்னும் இடத்தில்தான் இருக்கிறது. மூடுபனியில் கடலுக்குள் போய் ஆட்களை மீட்டு வருகிற படகுகளில் உங்கள் சிப்பை வைக்க ஒரு கம்பெனி இந்தக் கட்டுரைக்காகக் காத்திருக்கிறது என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். அந்தப் படகோட்டி நாலு பக்கமும் வெள்ளையாகத் தெரியும்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று உன் சிப்பைத்தான் கேட்பான். அது குளிர்கிறது என்று பதில் சொல்லும். குளிர்வது அவனுக்கே தெரியும்.

கைக்குழந்தைக்காரி விஷயத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், அவளிடம் இதைச் சொன்னாயா? அந்தக் கட்டுரையில் அவள் பேரும் இருக்கிறது, அவள் பேரில் என்ன அச்சாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அவளுடைய குழந்தையைத் தூக்கி நீங்கள் உங்கள் முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொள்வதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பிறகுபார்க்கலாமுக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. அவளுக்கு வேலை போகலாம், உனக்கும் போகலாம். போகாது, நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்றெல்லாம் நான் பூசி மெழுக மாட்டேன். போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் துணி காயப்போட்டிருக்கிறேன், எடுத்துவிடுகிறேன்.

அப்பாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் உன் படத்துக்கு முன்னால் நின்று அவர் கதை அளப்பார், அதை உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. தட்டையும் டம்ளரையும் வைத்துத் திருப்பித் திருப்பி விளக்கினேன். "ஒரு நாள்கூடவா மாத்தி வைக்கல" என்று மட்டும் கேட்டார். தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், சத்தம் வைக்க மறந்துவிட்டார். மானம் போய்விட்டது என்று உன்மேல் பொருமுகிறார், கூட்டத்தன்று தலைவலி என்று படுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன், அப்படியே அவரிடம் சொல்லிக் குத்தியும் காட்டினேன்.

கூட்டத்தன்று சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார். தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்துகிற தகராறு எல்லாம் பேசித் தீராமல் தீர்ந்த பிறகு, செயலாளர் எழுந்து உன்னைப் பற்றி ஊதித் தள்ளிவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டார். இவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "என் பொண்ணு சொன்னது தப்பாப் போச்சு" என்று ஆரம்பித்தார். காலையில் வடக்கு, மாலையில் தெற்கு, பொது மேசை, ஏசி, ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். "தப்பு பண்ணினதும் அவதான், அதக் கண்டுபிடிச்சதும் அவதான்" என்று முடித்தார். செயலாளர் சும்மா இருப்பாரா, "அப்ப உங்க பொண்ணு கண்டுபிடிச்சது ஏசியவா சார்" என்றார், அறை முழுக்கச் சிரிப்பு, மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உன் அப்பா உட்காரவில்லை, மைக்கையும் திருப்பிக் கொடுக்கவில்லை, அத்தனை பேரும் சிரித்து ஓயும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் அந்த மனிதரை எத்தனையோ பேசியிருக்கிறேன், அதில் பாதியை அந்த நிமிஷமே திரும்ப எடுத்துக்கொண்டேன். பின்வரிசையிலிருந்து இரண்டாம் மாடி தையல்காரம்மா எழுந்து, "இத அந்தப் பொண்ணு அங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சா" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சொல்லுவா" என்றார் உன் அப்பா. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னார். சொல்லிவிட்டு உன் படத்தைத் தானே ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மாடி ஏறும்போது பாதியில் நின்று, "சொல்லுவால்ல?" என்று என்னைக் கேட்டார். அது நீ சொல்ல வேண்டிய பதில். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவரே, "அவகிட்ட சொல்லு, இங்க சிரிக்க வேண்டியவங்க எல்லாம் சிரிச்சு முடிச்சாச்சு, அவ யாருக்காகவும் பயப்பட வேண்டாம்" என்றார். இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம், மற்றதெல்லாம் என் வாய்க்கொழுப்பு.

டாக்டரம்மா மணி அடிக்கிறார், நிறுத்துகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணுக்கும் கழுத்துக்கும் நோவு வராமல் இருக்க வேண்டும், உன் சிப் ஒரு நாள் நிஜமாகவே பூமியைப் பார்க்க வேண்டும். போய் முதலில் கைக்குழந்தைக்காரியிடம் பேசு. பேசிவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், காரணம் இது என்று எழுதி அனுப்பு. அதற்குப் பிறகு சாப்பிடு. நீ பிறந்ததிலிருந்து முதலில் சாப்பிடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன், இந்த ஒரு தடவை சாப்பாடு ஆறட்டும்.

உன்னைத் திட்டுவதற்கு உரிமையுள்ள ஒரே ஆள்,
உன் அம்மா